பொதுப் பணமும் தனிக் கதவும்

பள்ளிக்குப் பணம் தராதீர், மாணவனுக்குத் தாரீர் என்றொரு முழக்கம் தில்லியிலே 2007ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது. முழக்கத்தோடு நிற்கவில்லை. 408 ஏழைப் பிள்ளைகளைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, ஆளுக்கொரு கல்விச் சீட்டு வழங்கினர். வவுச்சர் என்று அதற்கு அவர்கள் இட்ட பெயர். பணத்துக்கு ஈடான தாள் அது. பிள்ளையின் தகப்பன் அதை எடுத்துக்கொண்டு தான் விரும்பும் தனியார் பள்ளிக்குச் செல்லலாம், நீட்டலாம், பள்ளி அதை வாங்கிக்கொண்டு, அதற்குரிய தொகையைப் பெற்றுக்கொள்ளும். ஏழையின் கையிலே சீட்டு இருந்தால் பள்ளிகள் அவனைத் தேடி ஓடி வரும், போட்டி பிறக்கும், போட்டியிலே தரம் பிறக்கும் என்பது அவர்தம் வாதம்.

கேட்பதற்கு இனிக்கிறது. ஏழைக்கு உரிமை என்கின்றனர். பெற்றோருக்குத் தேர்வு என்கின்றனர். சோம்பிக் கிடக்கும் சர்க்கார் பள்ளிக்குச் சவுக்கடி என்கின்றனர். இவற்றுள் எதை மறுப்பது? நம் இளந்தோழர்களிலே சிலருக்கும் இந்த இனிப்பு நாவிலே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை நாம் அறிவோம். ஆகவேதான், இந்தச் சீட்டின் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்கலாம் என்று கருதுகிறோம். சீட்டு பிள்ளையின் கையிலே இருக்கிறது, சரி. பள்ளியின் வாயிற்கதவுச் சாவி யார் கையிலே இருக்கிறது?

இந்தக் கேள்வியைச் சென்னையில் உட்கார்ந்து கேட்பதைக் காட்டிலும் சங்கரன்கோவிலில் நின்று கேட்பது பொருந்தும். வெள்ளையர் ஏடுகளிலே சங்கரநயினார்கோவில் என்று எழுதப்பட்ட வட்டம் அது. திருநெல்வேலிச் சீமையோடு இருந்து, 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது அதனோடு சேர்ந்தது. தறியோசை கேட்கும் ஊர். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரு நாகர்கள் சண்டையிட்டதாகவும், சண்டையைத் தீர்க்க இருவரும் ஓருடலில் பாதிப்பாதியாக நின்று காட்டியதாகவும் அவ்வூர்ப் புராணம் புளுகும். ஆடித்தபசு என்று ஆண்டுதோறும் கூட்டம் கூடும். அரியும் அரனும் ஒட்டிக்கொண்டார்களாம்! ஒட்டட்டும். அந்த வட்டாரத்து மனிதர்கள் ஒட்டினார்களா?

2022 செப்டம்பரில், சங்கரன்கோவிலை அடுத்த பாஞ்சாகுளம் என்ற சிற்றூரில் நடந்தது நாடறிந்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பள்ளிப் பிள்ளைகள் பெட்டிக்கடைக்குத் தின்பண்டம் வாங்கச் சென்றனர். ஊரிலே கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்கள் தெருவுக்கு விற்க முடியாது, வீட்டிலே போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அதைத் தாமே படமும் பிடித்தார். படம் பரவியது, கைது நடந்தது, கடை மூடப்பட்டது, குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் அந்த ஊருக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் தடையும் விதித்தது.

தோழர்களே, அந்தக் காட்சியைப் பொருளாதார மேதைகளின் கண்கொண்டு பாருங்கள். வாங்குபவன் இருக்கிறான். விற்பவன் இருக்கிறான். பண்டம் இருக்கிறது. பிள்ளையின் கையிலே காசும் இருக்கிறது. விற்பனை மட்டும் இல்லை! ஏன்? காசைக் காட்டிலும் கட்டுப்பாடு பெரிதாக இருந்தது. ஒரு மிட்டாய் விற்கிற கடையிலேயே சாதி குறுக்கே படுத்துக்கொள்ளுமானால், மதிப்பும் மரியாதையும் வருங்காலமும் விற்கிற பள்ளிக்கூடத்தின் வாயிலில் அது படுக்காதா? சீட்டைக் கண்டதும் எழுந்து வழிவிட்டுவிடுமா?

இது நம்முடைய ஊகமன்று. நூற்றெழுபது ஆண்டு வரலாறு.

1854இல் சார்லஸ் உட் என்ற ஆங்கில அமைச்சர் அனுப்பிய கல்வி அறிக்கைதான் இந்நாட்டிலே மானியமுறைக்குப் பிறப்புச் சான்று. எல்லாருக்கும் கல்வி தரக் கம்பெனி சர்க்காரின் கையிலே பணமில்லை. ஆகவே, தனியார் பள்ளி நடத்தட்டும், சர்க்கார் உதவிப் பணம் தரட்டும் என்று அது வகுத்தது. அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்தில் மானிய விதிகள் வந்துவிட்டன. பின்னர் 1860களில், தேர்வின் பலனைப் பார்த்து மானியம் தரும் முறையும் புகுந்தது. எத்தனை பிள்ளை தேறுகிறதோ அத்தனைக்குத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கு! பணம் பிள்ளையைப் பின்தொடர்ந்து செல்லட்டும் என்று இன்றைக்குச் சொல்கிறார்களே, அதன் பாட்டன் இதுதான். இங்கிலாந்திலே 1862இல் தொடங்கிய சரக்கு, கப்பலேறி இங்கே வந்திறங்கியது. பலன் என்ன? தேறுவான் என்று தோன்றிய பையனுக்கு மதிப்பு ஏறியது. தேறமாட்டான் என்று தோன்றியவன் பள்ளிக்குப் பாரமானான். மனப்பாடம் மன்னனாயிற்று. 1904இல் இந்திய சர்க்காரின் கல்வித் தீர்மானமே அந்த முறையைக் கைவிட வேண்டியதாகக் கருதி ஒதுக்கியது. 1882இல் அமர்ந்த ஹண்டர் குழுவோ, உயர்கல்வியிலிருந்து சர்க்கார் படிப்படியாக விலகி, தனியாரிடம் விட்டுவிடலாம் என்றது. விட்டுவிடலாம் என்றால் யாரிடம்? பணமும் படிப்பும் ஏற்கெனவே யாரிடம் குவிந்திருந்தனவோ அவர்களிடம்.

பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளியிலே எல்லாருக்கும் இடம் உண்டா என்ற கேள்வி முதன்முதலில் எழுந்தது 1856இல். தார்வார் நகரத்து சர்க்கார் பள்ளியில் சேர ஒரு மகார் சிறுவன் மனுப் போட்டான். பம்பாய் சர்க்கார் என்ன செய்தது? அவன் ஒருவனைச் சேர்த்தால் மற்றவர்கள் எல்லாரும் வெளியேறிவிடுவர், பள்ளி பாழாகும் என்று அஞ்சி மறுத்தது. ஒருவனுக்கு நீதி, பலருக்கு வருத்தம் என்று தராசு பிடித்தது சர்க்கார்! கம்பெனியின் இயக்குநர்கள் பின்னர், சர்க்கார் பள்ளி எல்லா வகுப்பாருக்கும் உரியது என்று அறிவித்தனர் என்பது உண்மை. ஆனால் அறிவிப்புக்கும் அனுமதிக்கும் இடையே எத்தனை ஆண்டுகள்! மானியம் பெறும் பள்ளி எதுவாயினும் தாழ்த்தப்பட்ட பிள்ளையைச் சேர்க்க மறுத்தால் மானியம் இல்லை என்று அதே பம்பாய் சர்க்கார் ஆணையிட்டது 1923இல்தான். கணக்குப் போடுங்கள்: அறுபத்தேழு ஆண்டு.

சென்னையிலே நிலைமை வேறு வடிவம். செங்கற்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1892இல் பறையர் மக்களின் நிலைபற்றி எழுதிய குறிப்பு சர்க்காரை உலுக்கியது. 1893 பிப்ரவரி முதல் நாள், கல்வித் துறையின் 68ஆம் எண் ஆணை பிறந்தது. பஞ்சமர் பள்ளிகளுக்குச் சிறப்பு மானியம், ஆசிரியர் பயிற்சி பெறுவோர்க்கு உதவித்தொகை என்று வழி வகுத்தது. நல்லதுதான், மறுக்கவில்லை. மறு ஆண்டு ஆல்காட் அடையாற்றருகே பஞ்சமர்க்கு இலவசப் பள்ளி தொடங்கினார்; அதுவும் நல்லதுதான். எனினும் இவையெல்லாம் தனிப் பள்ளிகள். ஊர்ப் பள்ளியின் கதவு திறக்கவில்லை; ஊருக்கு வெளியே இன்னொரு கதவு வைக்கப்பட்டது, அவ்வளவே.

கதவு திறக்காது என்று கண்ட பிறகு தாமே பள்ளி கட்டிக்கொண்டவர்களும் உண்டு. கழுகுமலையிலே 1895இலும் சிவகாசியிலே 1899இலும் நாடார் மக்கள் பட்ட அடியையும் அவமதிப்பையும் அந்த மண்ணிலே பிறந்தவர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. தேரோடும் வீதி கூடாது, கோயில் வாயில் கூடாது என்று தள்ளப்பட்டவர்கள், மகமைப் பணமும் பிடியரிசியும் சேர்த்து விருதுநகரிலே சத்திரிய வித்தியாசாலை நடத்தினர். அதிலே படித்துப் பாதியில் நின்ற ஒரு பையன்தான் பின்னாளில் முதலமைச்சராகி நாடெங்கும் பள்ளி திறந்த காமராசர். தனியார் பள்ளி என்றாலே தீது என்று நாம் சொல்லவில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறோம். தன் சொந்த அரிசியைப் பிடிபிடியாகச் சேர்த்துப் பள்ளி வைப்பது வேறு. ஊரார் பணத்தை வாங்கிக்கொண்டு ஊராரின் பிள்ளையைத் தள்ளி உட்கார வைப்பது வேறு.

இரண்டாவதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமா? அதே திருநெல்வேலிச் சீமையிலே, சேரன்மாதேவியிலே இருக்கிறது.

வ.வே.சு. அய்யர் சாதாரண மனிதரல்லர். இலண்டனில் சாவர்க்கரோடு சேர்ந்து புரட்சி பேசியவர்; புதுச்சேரியில் தங்கி இளைஞர்க்குத் துப்பாக்கிப் பயிற்சி தந்தவர்; 1911இல் மணியாச்சியில் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் அந்த வட்டத்தைச் சேர்ந்தவன். குறளை ஆங்கிலத்தில் தந்த புலமையும் அவருக்கு உண்டு. இத்தகையவர் 1922இன் இறுதியில் கல்லிடைக்குறிச்சியில் ஒரு தேசியக் குருகுலத்தைத் தொடங்கி, பின்பு அதைச் சேரன்மாதேவிக்கு மாற்றினார். அன்னியக் கல்வி வேண்டாம், நாட்டுக் கல்வி வேண்டும் என்ற வேகத்தில் மக்கள் வாரி வழங்கினர். நன்கொடை தந்தவர்களிலே பெரும்பாலோர் பார்ப்பனரல்லாதார். கடல் கடந்து மலேயாவிலே உழைத்த தமிழரும் அதிலே உண்டு. தமிழ்நாட்டுக் காங்கிரசுக் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்பி, முதலில் ஐயாயிரத்தைக் கொடுத்தது. அக்காலத்து ஐயாயிரம்!

அந்தப் பணத்தில் வெந்த சோறு இரண்டு பந்தியாகப் பரிமாறப்பட்டது. பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனி இடம். மற்றப் பிள்ளைகளுக்கு வேறிடம். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்தார் என்றும், அவர் வாயிலாகவே இச்செய்தி பெரியார் காதுக்கு எட்டியது என்றும் இயக்கத்து நூல்கள் சொல்லும். டாக்டர் வரதராசுலு நாயுடு தம்முடைய ‘தமிழ்நாடு’ ஏட்டிலே கிளர்ச்சியைத் தொடங்கினார். கமிட்டிச் செயலாளராக இருந்த பெரியார், மீதி ஐயாயிரத்தைத் தர மறுத்தார். அவருக்குத் தெரியாமலே துணைச் செயலாளரிடம் அய்யர் காசோலை வாங்கிச் சென்றுவிட்டார் என்பது பெரியார் பிற்காலத்தில் பலமுறை கூறிய செய்தி.

அய்யர் தரப்பையும் சொல்லிவிடுவது நேர்மை. தமக்குச் சமபந்தியில் மறுப்பில்லை என்றே அவர் கூறினார். பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், சில பிள்ளைகளின் தகப்பன்மார் தனிச் சோறு கேட்டனர், மீறினால் அவர்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்றுவிடுவர் என்பதே அவர் சொன்ன காரணம். காந்தியாரிடம் வழக்குப் போயிற்று. இப்போதிருக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் தனிச் சோறு இருக்கட்டும், இனிமேல் அத்தகைய நிபந்தனையோடு எவரையும் சேர்க்காதீர் என்று அவர் சமரசம் சொன்னார்.

கவனியுங்கள் தோழர்களே. பெற்றோரின் விருப்பம்! தேர்வுரிமை! இன்றைக்குக் கல்விச் சீட்டுக்காரர்கள் கொடிபிடிக்கும் அதே சொல்தான் நூறாண்டுக்கு முன் சேரன்மாதேவியிலே தனிப்பந்திக்குத் தூணாக நின்றது. ஏகாதிபத்தியத்தை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கிய வீரர், இரண்டு தகப்பன்மாரின் இலையை எதிர்த்து அகப்பை தூக்கத் துணியவில்லை. தார்வாரிலே வெள்ளைக்காரன் சொன்ன காரணமும் அதுதானே: மற்றவர்கள் வெளியேறிவிடுவர்! தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லாப் பெற்றோருக்கும் உண்டு என்று ஏட்டிலே எழுதலாம். நடைமுறையிலே, யாருடைய வெளியேற்றத்துக்குப் பள்ளி அஞ்சுகிறதோ அவருடைய தேர்வே தேர்வு. மற்றவர் தேர்வது பந்தியின் கடைசி இடத்தை.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. அந்தப் பிள்ளைகளுக்கு இடம் மறுக்கப்படவில்லை. சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். பாடம் சொல்லித் தரப்பட்டது. எத்தனை பேர் சேர்ந்தனர் என்று மட்டும் எண்ணிப் பார்க்கும் அதிகாரி எவராவது அன்று சென்றிருந்தால், எல்லாச் சாதியும் கலந்து படிக்கும் உத்தமப் பள்ளி என்றே குறித்துக்கொண்டு திரும்பியிருப்பார். சேர்க்கைப் பதிவேட்டில் சமத்துவம். சாப்பாட்டு இலையில் வருணாசிரமம்.

1925இல் தமிழ்நாட்டுக் காங்கிரசுக் கமிட்டி கூடி, பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டுதல் தேசிய இயக்கத்தில் பங்குபெறும் எந்த நிறுவனத்திலும் கூடாது என்று தீர்மானம் செய்தது. கட்டாயம் கூடாது, இணக்கம்தான் வேண்டும் என்ற கருத்துடைய இராசகோபாலாச்சாரியார் உள்ளிட்ட சிலர் பொறுப்பிலிருந்து விலகினர். அய்யர் குருகுலப் பொறுப்பைத் துறந்தார். அவ்வாண்டு சூன் 3ஆம் நாள் பாபநாசத்து அருவியிலே, நீரில் வீழ்ந்த மகளைக் காக்கக் குதித்து மாண்டார். அவருடைய முடிவு எவரையும் வருந்தச் செய்யும், நாமும் வருந்துகிறோம். மே மாதத்தில் ‘குடி அரசு’ பிறந்திருந்தது. நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலே வகுப்புரிமைத் தீர்மானம் தள்ளப்பட, பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். ஒரு பள்ளிக்கூடத்துப் பந்தி ஒரு நாட்டின் அரசியலைத் திருப்பிற்று.

சேர்க்கைச் சாவியை எடுத்துப் பொதுவில் வைக்கும் வேலையை நீதிக்கட்சி அரசு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. கல்லூரியிலே யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பது அதுவரை முதல்வரின் விருப்பம். பார்ப்பனரல்லாத பிள்ளைகள் திருப்பியனுப்பப்படுகின்றனர் என்ற முறையீடு மிகுந்தபோது, 1922இல் பனகல் அரசர் ஆட்சி சர்க்கார் கல்லூரிகளில் சேர்க்கைக் குழுக்களை அமைத்தது. பணம் தருவதோடு நிற்காமல் வாயிலிலே காவலும் வைக்க வேண்டும் என்பதை அந்த ஆட்சி உணர்ந்திருந்தது. அதன் தொடர்ச்சிதான் வகுப்புவாரி உரிமை ஆணை. 1947இல் அதைத் திருத்தி, பிற்படுத்தப்பட்டோர்க்குப் பதினான்கிலே இரண்டு என்று தனி இடம் தந்த பிரதமர் யார் தெரியுமா? சேரன்மாதேவியிலே பிள்ளையைப் படிக்க வைத்திருந்த அதே ஓமந்தூரார். 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராசன் வழக்கிலே உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாதென்றது. (அந்த அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு மனுவே போட்டிருக்கவில்லை என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது!) தமிழகம் கொதித்தது, இரண்டே மாதத்தில் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. 1953இன் குலக்கல்வித் திட்டமும், 1954இல் காமராசர் அதைக் கைவிட்டதும், பின்னர் நெ.து. சுந்தரவடிவேலு துணையோடு ஊர்தோறும் பள்ளியும் பகலுணவும் வந்ததும் நம் தோழர்கள் மனப்பாடமாக அறிந்தவை, இங்கே விரிக்கவில்லை. ஒன்று மட்டும்: அந்தப் பகலுணவு ஒரே பந்தியில் பரிமாறப்பட வேண்டிய சோறு. சேரன்மாதேவிக்கு விடை அது.

இனி, கடல் தாண்டிப் பார்ப்போம். கல்விச் சீட்டு என்ற கருத்தைப் பொருளாதாரத் தத்துவமாக வடித்துத் தந்தவர் அமெரிக்கப் பேராசிரியர் மில்டன் ஃப்ரீட்மன், ஆண்டு 1955. அதற்கு முந்திய ஆண்டு 1954 மே திங்களில், கறுப்புப் பிள்ளைக்கும் வெள்ளைப் பிள்ளைக்கும் தனித்தனிப் பள்ளி வைப்பது செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. தத்துவம் நிறவெறிக்காக எழுதப்பட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நிறவெறியர் கைக்கு அந்தக் கருவி எவ்வளவு வசதியாகப் பொருந்தியது என்று பாருங்கள். வர்ஜீனியா மாநிலத்து பிரின்ஸ் எட்வர்ட் வட்டாரத்திலே, ஒன்றாகப் படிக்க வைக்க வேண்டுமென்று நீதிமன்றம் வற்புறுத்தியதும், 1959இல் எல்லாப் பொதுப் பள்ளிகளையும் இழுத்துப் பூட்டிவிட்டனர். வெள்ளையர் தமக்குத் தனியார் பள்ளி கட்டிக்கொண்டனர். அதிலே படிக்கும் பிள்ளைக்குப் பொதுப் பணத்திலிருந்து கட்டண உதவி! கறுப்புப் பிள்ளைகளுக்கு? பள்ளியே இல்லை. 1964இல் உச்ச நீதிமன்றம் தலையிடும்வரை ஐந்தாண்டு அவர்கள் தெருவிலே நின்றனர். ஒரு குழந்தையின் ஐந்தாண்டு என்பது எழுத்தும் எண்ணும் கற்கும் காலம் முழுவதும்.

சிலி நாட்டிலே, பினோசே என்ற படைத்தலைவனின் கொடுங்கோலாட்சியில், 1981இல் நாடு முழுதும் சீட்டுமுறை புகுத்தப்பட்டது. தனியார் பள்ளி பெருகியது. பிள்ளைக்குத் தேர்வு வைத்துப் பொறுக்கி எடுக்கவும், பின்னாளில் மேற்கட்டணம் வாங்கவும் பள்ளிக்கு வழி இருந்தது. விளைவு, பணக்காரன் பிள்ளை ஒரு பள்ளி, நடுத்தரத்தான் பிள்ளை ஒரு பள்ளி, ஏழையின் பிள்ளை எஞ்சிய நகராட்சிப் பள்ளி. 2006இல் பள்ளி மாணவர்களே தெருவுக்கு வந்து கிளர்ச்சி செய்தனர். 2015இல் ஒரு சட்டம் செய்து, அரசுப் பணம் பெறும் பள்ளி பிள்ளைகளைப் பொறுக்கக் கூடாது, மேற்கட்டணம் கூடாது, இலாபம் கூடாது என்று தடுக்க வேண்டியதாயிற்று. முப்பத்து நான்கு ஆண்டு கழித்துச் சாவியைப் பற்றிய நினைவு வந்தது!

எதிர்த்தரப்பின் வலுவான சான்று ஒன்றையும் மறைக்காமல் சொல்வோம். ஆந்திரத்துச் சிற்றூர்களிலே 2008 முதல் நான்காண்டு ஒரு பெரிய சோதனை நடத்தப்பட்டது. குலுக்கலில் சீட்டு பெற்றுத் தனியார் பள்ளி சென்ற பிள்ளைகளையும், சீட்டுக் கிடைக்காமல் நின்ற பிள்ளைகளையும் ஒப்பிட்டனர். தெலுங்கிலும் கணக்கிலும் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. இந்தியிலே மட்டும் தனியார் பள்ளிப் பிள்ளை முந்தினான். அங்கே அது சொல்லித் தரப்பட்டதே காரணம். ஆனால் தனியார் பள்ளியிலே பிள்ளைக்கு ஆன செலவு, சர்க்கார் பள்ளிச் செலவில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. பார்த்தீர்களா, அதே படிப்பு மலிவு விலையில், என்று மகிழ்கின்றனர். மலிவு எங்கிருந்து வந்தது என்றும் அதே ஆய்வு சொல்கிறது: ஆசிரியரின் சம்பளத்திலிருந்து. சர்க்கார் பள்ளி ஆசிரியர் பெறுவதில் சிறு பங்கு கூலிக்கு, பெரும்பாலும் பயிற்சி பெறாதவர்களை அமர்த்துவதால் வந்த மிச்சம். சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் பட்டம் பெற்ற நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் அத்தகைய சம்பளத்துக்குத் தனியார் பள்ளியில் நாள் முழுதும் நிற்கின்றனர் என்பதை அவ்வூர்த் தோழர்களே அறிவர். சிக்கனம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒருவருடைய வயிறு இருக்கிறது.

அதற்காக, சர்க்கார் பள்ளியிலே குறையே இல்லை என்று வாதிட நாம் வரவில்லை. தறிக்கூலி வாங்கிய கையோடு பிள்ளையின் கட்டணத் தவணைக்கு ஓடுகிற தகப்பனை ஏமாளி என்று இகழும் உரிமை எவருக்கும் இல்லை. அவன் ஆங்கிலத்தை நாடுகிறான், மதிப்பை நாடுகிறான், தன் பிள்ளை ஒருநாளாவது தறிக்குழியிலிருந்து ஏற வேண்டும் என்று நாடுகிறான். அவன் ஆசை நியாயம். அந்த ஆசையைக் காட்டி யார் எதைப் பெற்றுக்கொள்கின்றனர் என்பதே வழக்கு.

நம் நாட்டிலே சீட்டுக்குச் சற்றே நெருங்கிய உறவு ஒன்று சட்டமாகவே இருக்கிறது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, உதவி பெறாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பிலே நான்கில் ஒரு பங்கு இடத்தை நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும் என்கிறது. கட்டணத்தை அரசு ஈடு செய்யும். அரசு தன் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் செய்யும் செலவு, தனியார் பள்ளி வாங்கும் கட்டணம், இவற்றுள் எது குறைவோ அது. நுழைவுத் தேர்வும் நன்கொடையும் 13ஆம் பிரிவால் தடுக்கப்பட்டன. தமிழ்நாட்டிலே விண்ணப்பம் மிகுந்தால் குலுக்கல். ஆக, இங்கே சாவியைப் பள்ளி நிருவாகியிடமிருந்து வாங்கிக் குலுக்கல் பெட்டிக்குள் போட்டிருக்கிறார்கள். வவுச்சரைவிட இது ஒருபடி மேல் என்பதை ஒப்புகிறோம். 2012இல் தனியார் பள்ளிச் சங்கங்கள் தொடுத்த வழக்கிலே உச்ச நீதிமன்றம் இதை நிலைநிறுத்தியது. 2014இல் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு மட்டும் விலக்குத் தந்தது. அந்த விலக்கு சரிதானா என்ற ஐயத்தை 2025 செப்டம்பரில் அந்நீதிமன்றத்தின் ஓர் அமர்வே எழுப்பிப் பேரமர்வின் பார்வைக்கு அனுப்பியது.

பக்கத்திலே அரசுப் பள்ளி இருக்கும்போது பொதுப் பணத்தைத் தனியாருக்கு ஏன் தர வேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. கருநாடகம் 2018இல் அப்படியே விதியைத் திருத்தியது. அதை எதிர்த்த வழக்கு அங்கே தோற்றது. மராட்டியம் 2024இல் அதே வழியில் சென்றபோது பம்பாய் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. ஒரே கேள்விக்கு இரு விடை. நம்முடைய கருத்தைக் கேட்டால், கோத்தாரிக் குழு 1966இல் சொன்ன அண்மைப் பள்ளி, பொதுப் பள்ளி முறையே குறி. அதுவரை அந்த நான்கில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க முடியாது. கையிலிருக்கும் சிறு உரிமையை, வரப்போகும் பேருரிமையின் பெயரால் கைவிடுவது கெட்டிக்காரத்தனம் ஆகாது.

ஆனால் அந்தச் சிறு உரிமையும் எத்தனை மெல்லிய நூலிலே தொங்குகிறது என்பதை 2025ஆம் ஆண்டு காட்டிவிட்டது. பி.எம். ஸ்ரீ என்ற திட்டத்திலே கையெழுத்திட வேண்டும், அதன் வழியே மும்மொழி பேசும் புதிய கல்விக் கொள்கையை ஏற்க வேண்டும் என்றது ஒன்றிய அரசு. தமிழ்நாடு மறுத்தது. உடனே, 2024-25க்குரிய ஒருங்கிணைந்த கல்வித் திட்டப் பணம் 2,152 கோடி ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டது. தனியார் பள்ளிகளுக்கு ஈடுசெய்யும் பணமும் அந்த மூட்டைக்குள்ளேதான் இருந்தது. வட்டியும் சேர்த்து 2,291 கோடி கேட்டு மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சென்றது. ஆண்டுதோறும் கோடையிலே திறக்கும் விண்ணப்ப வாயில் அவ்வாண்டு திறக்கவில்லை. சூன் திங்களில் சென்னை உயர் நீதிமன்றம், இந்தப் பணத்தைக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போடக் கூடாது என்று ஒன்றிய அரசுக்கும், பணம் வரவில்லை என்று காரணம் காட்டி உன் கடமையிலிருந்து நழுவக் கூடாது என்று மாநில அரசுக்கும் சொல்லிற்று. இரண்டும் சரியான சொல்.

சூன் போயிற்று, பள்ளிகள் திறந்தன, காலாண்டுத் தேர்வும் முடிந்தது. ஒன்றியப் பணத்தில் ஒரு பகுதி வந்த பிறகு, அக்டோபரிலேதான் சேர்க்கை அறிவிக்கப்பட்டது. அந்நேரத்திலே புதிதாக எந்தப் பிள்ளை போய்ச் சேர முடியும்? ஆகவே, ஏற்கெனவே அந்தப் பள்ளிகளில் சேர்ந்து படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளிலிருந்தே தகுதியுள்ளவர்களைத் தேர்ந்தெடுப்பது, வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தருவது என்று வழி செய்யப்பட்டது. ஏற்கெனவே சேர்ந்திருந்தவர் யார்? சூன் மாதத்திலே எப்படியோ கட்டணம் புரட்டிக் கட்ட முடிந்தவர். நகையை வைத்தாவது, வட்டிக்கு வாங்கியாவது கட்ட முடிந்தவர். அதுவும் முடியாமல், விண்ணப்பம் எப்போது திறக்கும் என்று ஏப்ரல் முதல் கேட்டுக் கேட்டு ஓய்ந்த தகப்பனின் பிள்ளை அந்தப் பட்டியலிலேயே இல்லை. நான்கில் ஒரு பங்கு என்று சட்டம் எழுதப்பட்டது அந்தப் பிள்ளையை நினைத்துத்தான்.